கீமோ நடக்கும்போது உடம்பில் என்னென்ன மாறும், எப்படிச் சமாளிப்பது?

கேள்வி இது: "மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் முதல் கீமோ. முடி கொட்டும், முகம் கறுக்கும், உடம்பு ஊதும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உயிர் பிழைப்பதைப் பார்க்காமல் தோற்றத்தை நினைத்து அழுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. உண்மையில் என்னதான் நடக்கும்? எப்படிச் சமாளிப்பது?"

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றி. கீமோ வார்டில் நர்ஸாகப் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். முதல் நாள் வருகிறவர்களில் பெரும்பாலோர் முடியைப் பற்றிக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். ஆண்களும் அப்படித்தான். கட்டி உள்ளே இருந்தவரை வெளியே யாருக்கும் தெரியவில்லை. சிகிச்சை தொடங்கிய பிறகுதான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது. யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்ற முடிவே உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. அதற்கு வருத்தப்படுவது முழுக்க நியாயம். அழுகை வந்தால் அழுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லுங்கள். "கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும்போல" என்று நினைத்து, விரல் மரத்துப்போவதைப் பல சைக்கிள் (ஒருமுறை மருந்து ஏறியதிலிருந்து அடுத்த முறை ஏறும்வரை உள்ள சுற்று) வரை வாய் திறந்து சொல்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லியிருந்தால் டோஸைக் குறைத்திருக்கலாம், இடைவெளியைக் கூட்டியிருக்கலாம், மருந்தையே மாற்றியிருக்கலாம். டாக்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை இந்த விஷயத்தில் உங்களுக்கே கெடுதல்.

சரி, ஏன் உடம்பு மாறுகிறது? பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல்கள் அப்படிப் பெருகுகின்றன. ஆனால் முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்தோல், நகத்தின் அடிப்பகுதி, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை ஆகியவையும் இயல்பாகவே வேகமாகப் பெருகும் இடங்கள். மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் கேள்விப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இடங்களில் நடப்பவைதான். இந்தச் செல்கள் மீண்டு வளரக்கூடியவை என்பதால்தான் பெரும்பாலான மாற்றங்கள் தற்காலிகம். நரம்பும் சினைப்பையும் மட்டும் வேறு கணக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கட்டாயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீமோ என்பது ஒரே மருந்து கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு முடி அப்படியே இருக்கிறது, உங்களுக்குக் கொட்டுகிறது என்றால் அவருக்கு மருந்து வேறு. மார்பகப் புற்றுநோயில் அதிகம் பயன்படும் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பேக்லிடாக்செல், டோசிடாக்செல் ஆகியவற்றில் முடி பெரும்பாலும் கொட்டும். கேப்சிடபைன், கார்போபிளாட்டின், ஃபுளூரோயூராசில் போன்றவற்றில் மெலியலாம், முழுக்கக் கொட்டுவது குறைவு. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் எதற்குத் தயாராக வேண்டும் என்பதும் தெரியும்.

முடியிலிருந்தே தொடங்குவோம், உங்கள் மனதில் அதுதான் முன்னால் நிற்கிறது. முதல் கீமோ அன்றே எதுவும் நடக்காது. இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பே உச்சந்தலை வலிக்கும். இறுக்கிக் கட்டிய பின்னலை அவிழ்த்த பிறகு வேர்க்கால்கள் வலிக்குமே, அதுபோல. இதைப் பலரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் பயந்துபோகிறார்கள். பிறகு சீப்பில், தலையணையில், குளிக்கும்போது கையில் என்று கற்றையாக வரும். தலையில் உள்ள முடிகளில் பத்தில் எட்டு ஒன்பது எந்த நேரமும் வளரும் நிலையிலேயே இருப்பதால்தான் இவ்வளவு வேகம்.

என் அனுபவத்தில், நீளமான முடி வைத்திருப்பவர்கள் முதல் கீமோவுக்கு முன்பே தோள்வரை அல்லது அதற்கும் குட்டையாக வெட்டிக்கொள்வது உதவுகிறது. கொட்டும்போது அளவு குறைவாகத் தெரியும், சிக்கும் விழாது. வெட்டிய முடியை வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டத் தொடங்கியதும் முழுக்க எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். எடுத்துவிடலாம், நிறையப் பேருக்கு அது ஒரு நிம்மதி. ஆனால் சவரக்கத்தி வேண்டாம், ட்ரிம்மர் போதும். வெள்ளையணுக்கள் குறையும் காலத்தில் தலையில் விழும் சின்னக் கீறல்கூடக் கிருமி நுழையும் வழியாகிவிடும். எடுக்க மனமில்லை என்றால் தானாகக் கொட்டட்டும் என்று விட்டுவிடுவதிலும் தவறில்லை. இது உங்கள் தலை, உங்கள் முடிவு. வீட்டில் உள்ளவர்கள் அவசரப்படுத்தினால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

விக் வைப்பதாக இருந்தால் முடி இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள். நிறமும் அடர்த்தியும் அப்போதுதான் சரியாக ஒத்துவரும். தலையில் முடி போன பிறகு சுற்றளவு கொஞ்சம் குறையும் என்பதால் இறுக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விக் சூடாக இருக்கும், அரிக்கும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் தாங்கும். விக்கை வாங்கிவிட்டுக் கடைசிவரை போடாதவர்கள் நிறையப் பேர், ஸ்கார்ஃப்பிலேயே காலத்தை ஓட்டியவர்களும் நிறையப் பேர். எது உங்களுக்கு வசதியோ அது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மொட்டைத் தலை வெயிலில் சீக்கிரம் பொசுங்கும், குளிரில் நடுங்கவைக்கும். வெளியே போனால் மூடிக்கொள்ளுங்கள்.

தலையைக் குளிரவைக்கும் தொப்பி பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். கீமோ ஏறும்போது தலைத்தோலைக் குளிர்வித்தால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், வேருக்குப் போகும் மருந்து குறையும். மருந்து ஏறுவதற்கு அரைமணி முன்பு போட்டு, ஏறி முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேல் வைத்திருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஒரு சோதனையில், இந்தத் தொப்பியைப் போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நான்கு சைக்கிள் முடிவில் விக் தேவைப்படாத அளவு முடி நின்றது. போடாதவர்களில் ஒருவருக்குக்கூட நிற்கவில்லை. பேக்லிடாக்செல் மட்டும் ஏறுபவர்களுக்குப் பலன் அதிகம், டாக்ஸோரூபிசின் ஏறுபவர்களுக்குக் குறைவு. தலைவலியும் கடும் குளிரும் இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு இது கூடாது. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது, முதல் கீமோவிலிருந்தே தொடங்கினால்தான் பயன். அதனால் வேண்டுமா என்பதை இந்த வாரமே கேட்டாக வேண்டும்.

தலைமுடி மட்டும் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். புருவம், இமைமுடி, கை கால், அந்தரங்க இடங்களின் முடி, மூக்கின் உள்முடி எல்லாமே போகலாம். புருவமும் இமையும் சற்றுத் தாமதமாக, சில சமயம் கடைசி சைக்கிள் நெருங்கும்போது போகும். தலைமுடியைவிட இதுதான் தன்னைப் பாதித்தது என்று சொல்பவர்கள் பலர், காரணம் முகத்தின் சாயலே மாறிவிடுகிறது. இப்போதே முகத்தை நேராக வைத்து நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புருவம் வரையும்போது வடிவம் பிடிக்க அது உதவும். மூக்கின் உள்முடி போனால் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், சளி பிடித்துவிட்டதோ என்று குழம்பத் தேவையில்லை. இமைமுடி இல்லாத கண்ணில் தூசி எளிதாக விழும், சாதாரணக் கண்ணாடி அணிந்துகொண்டால் நல்லது. டோசிடாக்செல் ஏறுபவர்களுக்கு ஓயாமல் கண்ணீர் வழிந்தால் அதையும் சொல்லுங்கள், கண்ணீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம்.

முடி வளர என்று பயோட்டின் மாத்திரையை யாராவது நீட்டுவார்கள். கீமோவில் கொட்டும் முடியை அது நிறுத்துவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, இதயம் தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும். டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கவனிக்க வேண்டிய மருந்து என்பதால் இந்தக் குழப்பம் தேவையே இல்லை. மூலிகை, சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

அப்புறம் தோல். கறுப்பது உண்மைதான். உள்ளங்கை, விரல் மடிப்புகள், நகம், நாக்கு, ஊசி ஏறிய ரத்தக் குழாயின் ஓரம் என்று திட்டுத்திட்டாகக் கறுக்கும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கூடுதலாகத் தெரியும். நாக்கில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து நோய் பரவிவிட்டதோ என்று இரவெல்லாம் தூங்காமல் காலையில் ஓடிவருபவர்கள் உண்டு. அது மருந்தின் நிறமாற்றம், சிகிச்சை முடிந்து மாதங்கள் போகப்போக மங்கும். நகம் வளர்ந்து வெளியேறும்போது கறுப்பும் போகும். இதற்காக வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசாதீர்கள். தோல் ஏற்கனவே மெலிந்து வறண்டிருக்கும், அந்தக் கிரீம்கள் எரிச்சலைக் கூட்டும். வெந்நீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளியுங்கள், துடைத்த உடனே ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன்.

ஒன்றை மட்டும் மற்ற தோல் மாற்றங்களோடு சேர்க்காதீர்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஊசி போட்ட இடம் எரிந்தால், வீங்கினால், அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். டாக்ஸோரூபிசின் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையையே புண்ணாக்கும். "இன்னும் கொஞ்சம்தானே இருக்கிறது" என்று காத்திருக்கக் கூடாது. இதே மருந்து சிவப்பு நிறம் என்பதால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். அது ரத்தம் அல்ல.

கை கால் தோல் பற்றி இன்னும் ஒன்று. கேப்சிடபைன் மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, வெடித்து, தோல் உரியலாம். 10 சதவீத யூரியா கலந்த கிரீமைத் தொடக்கத்திலிருந்தே பூசலாம், இறுக்கமான செருப்பையும் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதையும் தவிர்க்கலாம். டெல்லி எய்ம்ஸில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூட்டுவலிக்குப் பூசும் டைக்ளோஃபினாக் ஜெல்லைக் கைகளில் பூசியவர்களிடம் இந்தப் பாதிப்பு மிதமாகவோ கடுமையாகவோ வந்தது 3.8 சதவீதமாகவும், வெறும் ஜெல் பூசியவர்களிடம் 15 சதவீதமாகவும் இருந்தது. எளிதில் கிடைக்கும் ஒரு மருந்து இவ்வளவு உதவுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் சிகிச்சையில் இந்த மாத்திரை பின்னால் வந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள், கேட்காமல் பூச வேண்டாம்.

நகங்களைப் பொறுத்தவரை பேக்லிடாக்செல், டோசிடாக்செல் இரண்டும் சதையிலிருந்து நகத்தைத் தூக்கிவிடக்கூடியவை. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு குறுக்குக்கோடு விழுவதையும் பார்க்கலாம். குட்டையாக வெட்டி வையுங்கள், ஓரத்துத் தோலைப் பிய்க்காதீர்கள், பாத்திரம் கழுவும்போது கையுறை போடுங்கள். நகம் தூக்கிய இடத்தில் சீழோ துர்நாற்றமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். மருந்து ஏறும் நேரத்தில் குளிரூட்டிய கையுறையும் காலுறையும் போட்டுக்கொண்டால் நகப் பாதிப்பு குறைகிறது, கேட்டுப்பாருங்கள். ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் ஏறுபவர்கள் குளிர்ச்சியின் பக்கமே போகக் கூடாது. அந்த மருந்தில் குளிர்ந்த தண்ணீர் குடித்தாலே தொண்டை அடைப்பதுபோல் இருக்கும், குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல் சுரீர் என்னும்.

இப்போது வாய். கீமோ ஏறி ஐந்து முதல் பத்து நாளுக்குள் வாய்ப்புண் வரலாம். முதல் கீமோவுக்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துச் சொத்தை, ஈறு வீக்கம் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளுங்கள், நேரம் இருந்தால் இந்த வாரமே. மிக மென்மையான பிரஷ். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளியுங்கள், தினமும் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம். நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. ருசி மாறி எல்லாமே இரும்புச் சுவையாக இருந்தால் உலோகக் கரண்டிக்குப் பதில் மரம் அல்லது பிளாஸ்டிக் கரண்டியில் சாப்பிட்டுப் பாருங்கள். சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டினால் ஆறவைத்துச் சாப்பிடுங்கள். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு.

வெளியே தெரியாத ஒரு மாற்றத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. கீமோ ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் உடம்பு சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் அது அவசரநிலை. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். மாத்திரை சூட்டை மட்டும் மறைக்கும், தொற்று உள்ளே ஏறிக்கொண்டே போகும். வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருக்கும்போது சீழ் கட்டாது, வீங்காது. காய்ச்சல் ஒன்றுதான் சில நேரம் ஒரே அறிகுறி. காய்ச்சல் இல்லாமலே உடம்பு உதறல் எடுத்தாலும் இதேதான். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் மருத்துவமனையின் இரவு நேர எண்ணும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். வெள்ளையணுக்களைக் கூட்ட ஊசி போட்டிருந்தால் இடுப்பு, முதுகெலும்பு எல்லாம் குடைச்சலாக வலிக்கும். மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால் வரும் வலி அது, சில நாளில் போய்விடும்.

உடம்பு ஊதும் என்று சொன்னார்களே, அதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. குமட்டலுக்கும் அலர்ஜி தடுப்புக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது பசியைத் தூண்டும், முகத்தை உருண்டையாக்கும், அடுத்த நாள் கன்னம் சிவக்கும், தூக்கம் கெடும். நாளுக்கு ஒருமுறை மாத்திரையாக எடுப்பதாக இருந்தால் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். நிறுத்திய பிறகு முகம் பழையபடி திரும்பும். இரண்டாவது, உண்மையான எடை. கீமோவில் எல்லாரும் மெலிவார்கள் என்று நினைப்போம், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களில் கணிசமானவர்களுக்கு எடை கூடுகிறது. அசைவு குறைவதாலும், மாதவிடாய் நிற்பதாலும், தசை குறைந்து கொழுப்பு சேர்வதாலும் இப்படி ஆகிறது. இந்த நேரத்தில் பட்டினி கிடந்து குறைக்கப் பார்க்காதீர்கள், இன்னும் தசைதான் போகும். மூன்றாவது நீர்கோத்தல். டோசிடாக்செல்லில் கால் வீங்கும், அதைத் தடுக்கவும்தான் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், அதனால் அந்த மாத்திரையை மட்டும் தவறவிடாதீர்கள். அக்குளில் நெறிகட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கலாம், மோதிரம் இறுகத் தொடங்கினாலே சொல்லுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் பிசியோதெரபியில் நன்றாகக் கட்டுப்படும். திடீரென்று ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், அன்றே போக வேண்டும்.

களைப்பைப் பற்றி மற்றவர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. பெரும்பாலானவர்களுக்கு முதல் சில நாட்கள் மோசமாக இருந்து, அடுத்த சைக்கிள் நெருங்கும்போது கொஞ்சம் தெளியும். ஒரு நோட்டில் தினமும் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் சைக்கிளின் கணக்கு அடுத்த சைக்கிளுக்கு உதவும். எந்த நாளில் சமையலை யாரிடம் கொடுப்பது, எந்த நாளில் வெளியே போவது என்று திட்டமிடலாம். படுத்தே இருந்தால் களைப்பு குறையும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. களைப்பைக் குறைப்பதாக நல்ல ஆதாரத்துடன் நிரூபிக்கப்பட்டது உடற்பயிற்சிதான். பத்து நிமிடம் வீட்டுக்குள் நடப்பதில் தொடங்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக வாரத்தில் மூன்று நாள் அரைமணி நடைக்கு வரலாம். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் களைப்பு வரும். அதனால் வழக்கத்தைவிட மோசமானால் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நரம்பு வேறு கணக்கு என்று சொன்னேன். பேக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்றவற்றில் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். பட்டன் போடச் சிரமம், கைப்பொருள் நழுவுதல், செருப்பு கழன்றதே தெரியாமல் நடத்தல் எல்லாம் அதன் அடையாளங்கள். இது சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்குச் சில மாதங்கள் கூடிவிட்டுத்தான் குறையும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகத் தங்கிவிடும். தடுக்க உறுதியான மாத்திரை இல்லை. தடுப்புக்காக அசிட்டைல் எல்-கார்னிட்டின் எடுப்பது நிலைமையை மோசமாக்கியதாகவே சோதனையில் தெரிந்தது. வலி இருந்தால் டுலோக்ஸெடின் உதவலாம். இங்கே உங்கள் கையில் உள்ள ஒரே ஆயுதம் சீக்கிரம் சொல்வதுதான். சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள், சரிசெய்வார்கள். வீட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், குளிக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள்.

பெண்கள் கேட்கத் தயங்கும் விஷயம் மாதவிடாய். அது நின்றுபோகலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நிரந்தரமாக நிற்கும் வாய்ப்பு அதிகம், இளம் வயதினருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். திடீர் வெப்பம், இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி எல்லாம் கூடவே வரும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் முதல் கீமோவுக்கு முன்பே சொல்லுங்கள். கருமுட்டை சேமிப்பதைப் பற்றிப் பேச அதுதான் நேரம், தொடங்கிய பிறகு கேட்டால் தாமதம். மாதவிடாய் நின்றாலும் கரு உண்டாகலாம் என்பதால் ஆணுறை அவசியம். கீமோ ஏறிய இரண்டு மூன்று நாட்களுக்கு மருந்தின் மிச்சம் உடல் திரவங்களில் இருக்கும், அதற்காகவும்தான். வறட்சிக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் உண்டு. ஹார்மோன் கலந்ததை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். ஆசையே இல்லாமல் போவது இந்தக் காலத்தில் மிகவும் சகஜம். கணவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதே போதும் என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தொட்டால் வலிக்குமோ என்று அவர் ஒதுங்குவார், நீங்கள் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வீர்கள். இந்த மௌனத்தில் உடைந்த பல வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் இருந்தால் முடி கொட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். "நோயைச் சரிசெய்யும் மருந்து கொஞ்சம் கடுமையானது, அதனால் முடி விழும், பிறகு வளரும், இது உனக்கு ஒட்டாது, உன்னால் வந்ததும் இல்லை" என்ற அளவு போதும். கடைசி இரண்டையும் கட்டாயம் சொல்லுங்கள், குழந்தைகள் கேட்காமலே அப்படி நினைத்துக்கொள்வார்கள்.

பார்க்க வருபவர்கள் "ஐயோ, எப்படி ஆகிட்டீங்க" என்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "சிகிச்சை நடக்குது, வேற பேசுவோம்" என்று ஒரு வரியை முன்பே தயார் செய்துகொண்டால் போதும். பார்க்க வருவதையே கொஞ்ச நாள் வேண்டாம் என்று வீட்டில் ஒருவரைச் சொல்லவைப்பதும் நல்லது. வெள்ளையணுக்கள் குறைந்த நாட்களில் அது மருத்துவ ரீதியாகவும் சரி. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காத நாட்கள் வரும். பார்க்காமல் இருங்கள். ஆனால் வாரக்கணக்கில் யாரையும் பார்க்கப் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல், எல்லாம் முடிந்தால் தேவலை என்று தோன்றினால் அதையும் காய்ச்சல்போலவே டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, கீமோவோடு சேர்த்தே கொடுக்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு எது எப்போது திரும்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தலையில் பூனைமுடி தெரியும், இரண்டு மூன்று மாதத்தில் அது முடி என்று சொல்லும்படி இருக்கும். முதலில் வருவது சுருட்டையாகவோ வேறு நிறமாகவோ இருக்கலாம், பெரும்பாலும் பிறகு மாறிவிடும். டோசிடாக்செல் எடுத்தவர்களில் சிறு பகுதியினருக்கு முழு அடர்த்தி திரும்பாமல் போவதுண்டு, ஆறு மாதமாகியும் வளரவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். கை நகம் முழுதாக மாற ஆறு மாதம், கால் நகத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். கடைசி கீமோ முடிந்ததும் எல்லாரும் "முடிஞ்சுதே" என்று கொண்டாடும்போது உங்களுக்கு மட்டும் உடம்பு ஒத்துழைக்காமல் இருக்கலாம், வீட்டில் உள்ளவர்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்த வாரம் போகும்போது கையில் ஒரு தாள் கொண்டுபோங்கள். மருந்துகளின் பெயர், எத்தனை சைக்கிள், தலைக்குளிர்ச்சித் தொப்பி கிடைக்குமா, குளிர் கையுறை எனக்கு ஒத்துவருமா, பல் பார்க்க வேண்டுமா, இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண், குழந்தை பற்றிய திட்டம் இருந்தால் அது. டாக்டருக்கு நேரம் இல்லாவிட்டால் நர்ஸிடம் கேளுங்கள், நாங்கள் அதற்காகத்தான் அங்கே இருக்கிறோம்.